வறட்சி, உவர், தேங்கும் நீர்: உளுந்து தாக்குப்பிடிக்க வேர் முடிச்சு பாக்டீரியாவை வைத்து வேலை வாங்குவது எப்படி?

விதைத்து 32-வது நாள். உளுந்துச் செடியைக் கையால் பிடுங்காதீர்கள். ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்ணோடு பெயர்த்து எடுத்து வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மண் கரைந்து வேர் தனியாக மிதக்கும். ஆணிவேரின் மேல்பகுதியில் கடுகிலிருந்து மிளகு அளவு வரை உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தால் உள்ளே பீட்ரூட் சாறு பட்டதுபோல் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்தச் செடிக்குத் தலைச்சத்து (நைட்ரஜன்) காற்றிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. பிளந்தது வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் கதை வேறு.

பயறு போடுகிற பலரும் செடியின் மேலே பார்க்கிறோம், பூவை எண்ணுகிறோம், மஞ்சள் தேமல் நோய் வந்ததா என்று கவலைப்படுகிறோம். வேரைப் பார்ப்பவர்கள் குறைவு. உயிர் உரப் பொட்டலத்தை வாங்கி விதையில் தடவியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். "பாக்டீரியா போட்டால் பயிர் வறட்சியைத் தாங்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். அது பாதி உண்மை. மண் காய்ந்தாலும், உவர் ஏறினாலும், தண்ணீர் தேங்கினாலும் செடிக்கு முன்னால் அடி வாங்குவது அந்த பாக்டீரியாவும் அது குடியிருக்கும் முடிச்சும்தான். முதல் 30 நாளில் நாம் அதைக் காப்பாற்றினால், அதற்கப்புறம் அது செடியைப் பார்த்துக்கொள்ளும். இந்த வழிகாட்டியில் வரும் படிகளில் பெரும்பாலானவை அந்த 30 நாளுக்கானவை. உளுந்தை வைத்தே சொல்கிறேன். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முடிச்சுக்குள் நடப்பது

பயறு விதைத்த நிலம் வளமாகிறது என்பது உழவர்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி. காரணம் வேர் முடிச்சுதான் என்று ஜெர்மனியின் ஹெல்ரீகல் அறிவித்தது 1886-ல். முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவை நெதர்லாந்தின் பெயரிங்க் தனியே பிரித்து வளர்த்தது 1888-ல். அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே ஜெர்மனியில் அதை விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, இந்தப் பொட்டலத்துக்கு வயது நூற்றுக்கும் மேல்.

இளம் வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளை மண்ணில் கசியவிடும். அதை மோப்பம் பிடித்து வரும் பாக்டீரியா பதிலுக்குத் தன் சமிக்ஞையை அனுப்பும். வேர்த்தூவி சுருண்டு அதை அணைத்துக்கொள்ளும். ஒரு மெல்லிய குழாய் வழியே பாக்டீரியா உள்ளே இறங்கும். அங்கே செல்கள் பெருகி முடிச்சு உருவாகும். நிலக்கடலையில் மட்டும் வழி கொஞ்சம் வேறு: பக்கவேர் வெடித்து வெளியே வரும் இடத்திலுள்ள விரிசல் வழியாக நுழையும். அதனால்தான் கடலைச்செடியில் முடிச்சுகள் பக்கவேரின் கவட்டில் உட்கார்ந்திருக்கும்.

உள்ளே போனதும் நைட்ரோஜினேஸ் என்ற நொதி காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகிறது. இந்த நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது; ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்த இழுபறியைச் சமாளிக்கச் செடி லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்பு நிறமியை உண்டாக்கி, ஆக்சிஜனைப் பிடித்து அளவாகக் கொடுக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரன்தான் அது. நகத்தில் ஒட்டிய அந்தச் சிவப்பு, நொதி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

இது இலவசம் கிடையாது. ஒரு மூலக்கூறு நைட்ரஜனை உடைக்கக் குறைந்தது 16 ஏ.டி.பி. (உயிரணுவின் ஆற்றல் நாணயம்) செலவாகிறது. அந்த ஆற்றல் இலையில் தயாராகும் சர்க்கரையிலிருந்து வருகிறது. செடி சம்பளம் கொடுக்கிறது, பாக்டீரியா வேலை செய்கிறது. செடிக்கே கஷ்டகாலம் வந்தால் முதலில் நிற்பது இந்தச் சம்பளம்.

கஷ்டகாலத்தில் யார் என்ன செய்கிறார்கள்

மண் காயத் தொடங்கியதும் இலை வாடுவதற்கு முன்பே முடிச்சின் வேலை குறைந்துவிடும். ஒளிச்சேர்க்கையைவிட நைட்ரஜன் நிலைப்படுத்தல் வறட்சிக்கு அதிகம் அஞ்சும். செடி பச்சையாகத்தான் தெரியும். உள்ளே கடை மூடியிருக்கும்.

இந்த நேரத்தில் வேரைச் சுற்றியுள்ள பாக்டீரியாக்கள் செய்யும் உதவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எத்திலீன் விவகாரம். வாழைத்தாரைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான். வறட்சி, உவர், வெள்ளம் எது வந்தாலும் செடி பதறிப்போய் எத்திலீனை அதிகமாகச் சுரக்கும். அளவு மீறினால் வேர் நீள்வது நிற்கும், இலை முன்கூட்டியே பழுக்கும், புது முடிச்சு உருவாவதும் தடைபடும். எத்திலீனின் மூலப்பொருள் ஏ.சி.சி. என்ற சேர்மம். அதை உடைக்கும் ஏ.சி.சி. டிஅமினேஸ் என்ற நொதியை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1978-ல் கண்டுபிடித்தார்கள். இந்த நொதி உள்ள பாக்டீரியா, வேர் கசியவிடும் ஏ.சி.சி.யை உறிஞ்சி உடைத்துத் தனக்கு உணவாக்கிக்கொள்ளும். மூலப்பொருள் குறைய எத்திலீனும் குறையும், வேர் தொடர்ந்து இறங்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து பெர்னார்ட் கிளிக்கும் அவரது குழுவும் 1998-ல் இதை ஒரு முழுமையான விளக்கமாக வைத்தார்கள். பின்னர் அதே குழு இந்த நொதிக்கான மரபணுவைக் குதிரைமசாலில் முடிச்சு போடும் பாக்டீரியாவுக்குள் சேர்த்துப் பார்த்தபோது முடிச்சுகளின் எண்ணிக்கை கூடியது. பதறுகிற பிள்ளையின் தோளில் கைவைத்து உட்காரவைப்பது மாதிரியான வேலை இது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல வகை பாக்டீரியா கொழகொழப்பான சர்க்கரைப் பசையைச் சுரந்து வேரைச் சுற்றி மண்ணை ஒட்டவைக்கும். அந்தப் பசை ஈரத்தைப் பிடித்துவைக்கும், உவர் நிலத்தில் சோடியத்தின் ஒரு பங்கையும் பிடித்து நிறுத்தும். சில பாக்டீரியா ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேமிக்கும். உயிரணு உலர்ந்தாலும் உடையாமல் காப்பது அது. அதை அதிகமாக உற்பத்தி செய்யும்படி மாற்றிய ரைசோபியத்தை (முடிச்சு போடும் பாக்டீரியாவை) மெக்சிகோ ஆய்வாளர்கள் பீன்ஸில் சோதித்து, வறட்சியிலிருந்து செடி நன்றாக மீண்டதாக 2008-ல் வெளியிட்டார்கள். பாஸ்போபாக்டீரியா அங்கக அமிலங்களைச் சுரந்து மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்துக் கொடுக்கும். மேலே சொன்ன ஏ.டி.பி. கணக்கு ஓடுவதற்கே மணிச்சத்து வேண்டும் என்பதால் முடிச்சுக்கு இது நேரடி உதவி. வேர்வளர்ச்சி ஊக்கியான ஆக்சினைச் சுரப்பவையும் உண்டு. பக்கவேர் அதிகமானால் ஈரத்தைத் தேடும் கைகள் அதிகம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் மிதமான வறட்சிக்கும் மிதமான உவருக்கும்தான். மூன்று வாரம் மழையில்லாமல் பாளம் பாளமாக வெடித்த கரிசலில் எந்தப் பொட்டலமும் அற்புதம் செய்யாது.

படி 1: உங்கள் மண்ணில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

உளுந்து, பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை, துவரை இவற்றுக்கு முடிச்சு போடுவது பெரும்பாலும் பிராடிரைசோபியம் என்ற மெதுவாக வளரும் இனம். நம் பக்கத்து மண்ணில் அது பரவலாக இருக்கிறது. கொண்டைக்கடலைக்கு வேறு ஆள், மீசோரைசோபியம். சோயாவுக்குத் தனி வகை. ஆகவே, உளுந்து தலைமுறையாக விளையும் வயலில் கொண்டைக்கடலை போட்டால் முடிச்சே இல்லாமல் போகலாம். அந்த மாதிரி நிலத்தில் நுண்ணுயிர் விதை நேர்த்தி செய்தவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் வரப்பிலிருந்து பார்த்தாலே தெரியும்.

உளுந்தே வருடாவருடம் விதைக்கும் வயலில் நிலைமை தலைகீழ். அங்கே ஊர்க்கார பாக்டீரியா கூட்டமாக இருக்கும். பொட்டலத்திலிருந்து வருகிற புதியவருக்கு இடம் கிடைப்பது சிரமம். பலன் குறைவாகத் தெரியும், சில வருடம் தெரியாமலே போகும். இதை விற்பவர் சொல்லமாட்டார்.

எப்படித் தெரிந்துகொள்வது? வயலில் நாலைந்து இடத்தில் மண் எடுத்துக் கலந்து, பழைய பெயின்ட் வாளி இரண்டில் நிரப்புங்கள். அடியில் ஓட்டை போட மறக்காதீர்கள். நேர்த்தி செய்யாத உளுந்தை ஒன்றிலும், ரைசோபியம் தடவியதை இன்னொன்றிலும் விதைத்து 30 நாள் வளர்த்து வேரைக் கழுவிப் பாருங்கள். இரண்டிலும் நல்ல சிவப்பு முடிச்சு இருந்தால் உங்கள் மண்ணில் ஆள் இருக்கிறது. பாஸ்போபாக்டீரியாவிலும் தொழுவுரத்திலும் கவனம் வையுங்கள். முதல் வாளி வெறுமையாக இருந்தால் ரைசோபியத்தைத் தவறவிடாதீர்கள்.

கூடவே மண் பரிசோதனை. கார அமில நிலையும், மண்ணின் உப்பு அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனும் தெரியாமல் உவர் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

படி 2: பொட்டலம் வாங்குவது

பல வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில், சாலையோரக் கடை ஒன்றில் கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி அடுக்கியிருந்த ரைசோபியம் பொட்டலங்களை வாங்கிவந்தேன். காலாவதித் தேதி சரியாக இருந்தது. கடைக்காரர் பில்லும் சுத்தமாகப் போட்டுக் கொடுத்தார். முடிச்சு மட்டும் வரவில்லை. தூள் என்னவோ கரிய நிறத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தவை வெந்துபோயிருந்தன. உயிர் உரம் வாங்கும்போது நாம் வாங்குவது உயிர் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி, திரவ வடிவில் மில்லி லிட்டருக்கு 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். பொட்டலத்தில் பயிரின் பெயர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "ரைசோபியம்" என்று போட்டுப் பயிர் பெயர் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடை எப்படிச் சேமித்திருக்கிறது என்பது தேதியைவிட முக்கியம். தூள் சில மாதங்களுக்குத்தான் தாங்கும். திரவம் ஏறக்குறைய ஒரு வருடம் வரை நிற்கும், வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கும். கிடைத்தால் திரவத்தை எடுங்கள் என்பது என் பரிந்துரை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வேளாண் அறிவியல் நிலையங்கள், வட்டார வேளாண் விரிவாக்க மையங்கள் ஆகியவற்றில் விசாரித்து, விதைப்புக்கு ஒரு வாரம் முன்பாக வாங்கினால் போதும். வீட்டில் மண்பானைத் தண்ணீர் வைக்கும் மூலை மாதிரி குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். பூச்சிமருந்து அலமாரியில் வைக்கக் கூடாது.

படி 3: யூரியாவைக் குறைத்து, மணிச்சத்தை மறக்காமல்

மண்ணில் தலைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பாக்டீரியாவைக் கூப்பிடவே கூப்பிடாது. வீட்டில் சோறு இருக்கும்போது யார் ஓட்டலுக்குப் போவார்கள்? இறவை உளுந்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ தலைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 10 கிலோ சாம்பல் சத்து (பொட்டாஷ்) என்பது பரிந்துரை. மானாவாரிக்கு இதில் பாதி. அந்த 10 கிலோ தலைச்சத்து முடிச்சு வேலை தொடங்கும் வரைக்கான முன்பணம், ஏறக்குறைய 22 கிலோ யூரியா. செடி வெளுக்கிறதே என்று 20-வது நாளில் இன்னொரு மூட்டை யூரியாவைத் தெளித்தால் இலை கருகருவென்று ஆகும், முடிச்சு அங்கேயே நின்றுபோகும். அந்த வயலில் அடுத்து வறட்சி வந்தால் செடிக்கு இரண்டு பக்கமும் ஆதரவில்லை.

20 கிலோ மணிச்சத்தை சூப்பர் பாஸ்பேட்டாகக் கொடுத்தால் சுமார் 125 கிலோ வரும். கந்தகமும் சேர்ந்து கிடைக்கும். சூப்பர் பாஸ்பேட் அமிலத்தன்மை உள்ளது. நேர்த்தி செய்த விதையோடு அதைக் கலந்து விதைத்தால் பாக்டீரியா சாகும். உரத்தை முதலில் அடியுரமாக இட்டு உழுதுவிடுங்கள்.

நைட்ரோஜினேஸுக்கு இரும்பும் மாலிப்டினமும் வேண்டும். அமில மண்ணில் மாலிப்டினம் செடிக்கு எட்டாமல் போகும். நீலகிரி மாதிரி மலைப்பகுதியில் பீன்ஸ், பட்டாணி போடுபவர்கள் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைக் குறைப்பது ரைசோபியத்துக்கும் செய்யும் உபகாரம்.

படி 4: விதை நேர்த்தி

ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து விதைக்கு ரைசோபியம் 200 கிராம் பொட்டலம் ஒன்று, பாஸ்போபாக்டீரியா ஒன்று. திரவமாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 50 மி.லி.

ஒட்டுவதற்கு ஆறிய வடிகஞ்சி. உப்புப் போடாதது, முழுக்க ஆறியது. இளஞ்சூடாக இருந்தாலும் வேண்டாம். கஞ்சி இல்லையென்றால் வெல்லக் கரைசல். தூளுக்குக் கால் லிட்டரில் தொடங்கி, தோசைமாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக வரும்வரை சேருங்கள். குளோரின் வாசம் வரும் குழாய்த் தண்ணீரைத் தவிர்த்துவிடுங்கள்.

விதையைச் சாக்கின் மேல் பரப்பி, கரைசலைத் தெளித்து, இரண்டு கையாலும் மெதுவாகப் புரட்ட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் உளுந்தின் தோல் உரியும், முளைப்பு போகும். எல்லா விதையும் ஒரே சீராகச் சாம்பல் பூத்த மாதிரி ஆனதும் நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். உலர்ந்ததற்கு அடையாளம், கையில் அள்ளினால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். அன்றைக்கே விதைத்துவிடுங்கள், தள்ளிப்போனால் 24 மணி நேரம்தான் எல்லை.

ஒரு சின்னக் கணக்கு. 200 கிராம் பொட்டலத்தில் தரப்படி குறைந்தது 1,000 கோடி செல்கள். 8 கிலோவில் ஏறக்குறைய 2 லட்சம் உளுந்து விதை. ஆக, விதைக்குச் சுமார் 50,000 பாக்டீரியா. கேட்க நிறையத்தான். ஆனால் உலரும்போது கணிசமான பங்கு சாகும், சூடான மண்ணில் விழுந்ததும் இன்னும் சாகும், மிச்சமுள்ளவை ஊர்க்காரப் பாக்டீரியாவோடு போட்டி போட வேண்டும். வெயிலில் உலர்த்தும் அந்தப் பத்து நிமிடச் சோம்பேறித்தனம் எவ்வளவு விலை பிடிக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சாணக் கொல்லி போடுவதாக இருந்தால் அது முதலில், உயிர் உரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு. நான் ஒருமுறை வேலை மிச்சம் என்று கார்பன்டாசிமையும் ரைசோபியத்தையும் ஒரே சட்டியில் கலக்கினேன். ஒரே கையாக முடிந்தது என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்த வருடம் முடிச்சு கைவிரலில் எண்ணிவிடும் அளவுதான். ரசாயனம் வேண்டாம் என்றால் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் போதும். இவை ரைசோபியத்தோடு ஒத்துப்போகும்.

படி 5: மண்ணிலும் கொஞ்சம்

வறட்சியும் வெயிலும் எதிர்பார்க்கும் நிலத்தில் விதை நேர்த்தியை மட்டும் நம்பாதீர்கள். ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா தலா 4 பொட்டலத்தை 10 கிலோ மக்கிய தொழுவுரம், 10 கிலோ மணலோடு கலந்து, லேசாக ஈரம் தெளித்து, ஒருநாள் நிழலில் மூடிவைத்துச் சாயங்காலத்தில் தூவி மண்ணோடு கலந்துவிடுங்கள். தொழுவுரத்தின் துகள்களுக்குள் ஈரமும் நிழலும் இருக்கும். பாக்டீரியாவுக்கு அது கூடாரம். தனியே ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் போட முடிந்தால் அதைவிட நல்லது. முடியாதவர்களுக்குத்தான் இந்தச் சின்னக் கலவை.

ஜீவாமிர்தம் (மாட்டுச் சாணம், கோமியம் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்) ஊற்றுகிறேன், அதில் எல்லாம் இருக்கிறதே என்பவர்களுக்கு: ஊற்றுங்கள், மண்ணுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் உளுந்துக்கான பிராடிரைசோபியம் போதிய அளவில் அதில் இருக்கிறது என்று நம்ப முகாந்திரம் கிடையாது.

படி 6: நெல் தரிசில் விதைப்பவர்களுக்கு

டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பாக, தை மாதத்தில், மண் மெழுகுப் பதமாக இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தூவுவோம். உழவு இல்லை, அடியுரம் இல்லை, பெரும்பாலும் தண்ணீரும் இல்லை. பனி ஈரத்திலும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் 70, 75 நாளில் விளைந்து வீட்டுக்கு வர வேண்டும். பாக்டீரியா உதவி அதிகம் தேவைப்படும் பயிர் இதுதான். மண்ணில் கலந்து கொடுக்க வழியில்லாத பயிரும் இதுதான்.

அதனால் இங்கே விதை நேர்த்தி ஒன்றே வாய்ப்பு. விதை மேலே கிடப்பதால் வெயில் ஒரு பயம், ஆனால் நெற்பயிரின் நிழல் முதல் சில நாளைக்குக் காப்பாற்றிவிடும். காலை பத்து மணிக்குள்ளோ நாலு மணிக்கு மேலோ தூவுங்கள். அறுவடை இயந்திரம் இறங்கும் வயலில் முளை நசுங்குவதால் பலர் நாளைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்போதும் மெழுகுப் பதத்தைத் தவறவிட வேண்டாம். விதையளவு ஏக்கருக்கு 10, 12 கிலோ என்று கூடுவதால் உயிர் உரத்தையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். தாள் அரையடி நிற்கும்படி அறுத்தால் மண் மெதுவாகக் காயும்.

அடியுரத்துக்கு ஈடாக 2% டி.ஏ.பி. (தலைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) தெளிப்பு. 4 கிலோவை முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்ததை வடிகட்டி 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து ஒருமுறை.

படி 7: நெருக்கடி வந்த பிறகு

வறட்சி தொடங்கிவிட்டால் வேரில் போட இனி ஒன்றுமில்லை, இலையில்தான். மெத்தைலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்பு பாக்டீரியா இயற்கையாகவே இலைமேல் வாழ்வது. இலை மூச்சோடு வெளியே வரும் மெத்தனாலைத் தின்று, பதிலுக்குச் சைட்டோகைனின் போன்ற ஊக்கிகளைக் கொடுக்கும். பி.பி.எப்.எம். என்ற பெயரில் திரவமாகக் கிடைக்கிறது. லிட்டருக்கு 10 மி.லி. கலந்து காலையிலோ மாலையிலோ இலை முழுக்க நனையும்படி தெளியுங்கள். மண்டை வெயிலில் தெளித்தால் காசு ஆவியாகிவிடும். பூச்சிமருந்தோடு கலக்காமல், ஒரு வார இடைவெளி விடுங்கள். ஒரே ஒரு தண்ணீர் கட்ட முடியும் என்றால் பூக்கும் பருவத்துக்கு வையுங்கள். பூவும் காயும் பிடிக்கும் நேரம்தான் உளுந்துக்குத் தொண்டை வறளும் நேரம்.

தண்ணீர் தேங்கினால் கணக்கே மாறும். தை மாதத்தில் தவறி ஒரு மழை அடித்தால் டெல்டாவில் உளுந்து போய்விட்டது என்பார்கள். முடிச்சு மூச்சு முட்டுவதுதான் காரணத்தில் பாதி. ஏ.சி.சி. டிஅமினேஸ் உள்ள பாக்டீரியா எத்திலீனைக் கொஞ்சம் அடக்கும், ஆனால் அதற்கும் காற்று வேண்டும். வடிகால் இல்லாமல் பாக்டீரியா இல்லை. மழை எச்சரிக்கை வந்ததும் மண்வெட்டியோடு போய் வாய்க்காலைத் திறப்பதே சிகிச்சை. இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்துக்கொண்ட ஒரு செடி இருக்கிறது: மணிலா அகத்தி. மேற்கு ஆப்பிரிக்கச் சதுப்பு நிலத்துக்காரன். தண்ணீருக்கு மேலே தண்டிலேயே வரிசையாக முடிச்சு போட்டுக்கொள்ளும். நம் ஊரில் பசுந்தாள் உரமாக விதைக்கிறோம். அடுத்த முறை பார்த்தால் தண்டைத் தடவிப் பாருங்கள்.

உவர் நிலத்தில், வேதாரண்யம் மாதிரி கடலோரப் பகுதிகளில், முதலில் உவரா (உப்பு மிகுந்தது) களரா (சோடியம் ஏறி இறுகியது) என்று மண் அறிக்கையில் பிரித்துப் பாருங்கள். உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும். களருக்கு ஜிப்சமும் அதன்பின் வடிகாலும். பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை மடக்கி உழுவது இரண்டுக்கும் உதவும். பாக்டீரியா இதற்கு மேல் வரும் கூடுதல் துணை. மெதுவாக வளரும் பிராடிரைசோபியம் பொதுவாக உப்பை அவ்வளவாகத் தாங்காது. அதனால் இந்த நிலங்களில் சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற துணை பாக்டீரியாக்களைக் கூடச் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

படி 8: 30 முதல் 35 நாளில் வேர் பரிசோதனை

வயலின் குறுக்கே நடந்து பத்து இடத்தில் செடி பெயர்த்தெடுங்கள். வரப்போரச் செடி வேண்டாம். முடிச்சை எண்ணுவதைவிட எங்கே இருக்கிறது, உள்நிறம் என்ன என்பதே முக்கியம். ஆணிவேரின் மேல்பகுதியில் திரண்டிருந்தால் விதையில் தடவியது வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கவேர்களில் சிதறி, பொடியாக நிறைய இருந்தால் பெரும்பாலும் ஊர்க்காரர்கள்.

முடிச்சு உண்டு, உள்ளே வெள்ளை: 20 நாள் செடி என்றால் இன்னும் இளசு, பத்து நாள் பொறுங்கள். 35 நாளிலும் வெள்ளை என்றால் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத இனம், அல்லது மாலிப்டினம், இரும்புக் குறை. பச்சை, பழுப்பு என்றால் முடிச்சு கிழடாகிவிட்டது. காய் முற்றும்போது அது இயல்பு, பூக்கும்போது அப்படி இருந்தால் வறட்சியோ தேங்கிய நீரோ அடித்திருக்கிறது. முடிச்சே இல்லை, இலை கரும்பச்சை: தலைச்சத்து மிச்சம். முடிச்சே இல்லை, இலை வெளிறல்: பொட்டலம் செத்தது அல்லது விதையில் மருந்து பட்டது. இந்தக் கடைசி நிலையில் 2% டி.ஏ.பி. தெளித்து இந்தப் போகத்தை ஒப்பேற்றிக்கொள்ளலாம். முடிச்சை மீட்க முடியாது.

எல்லா வருடமும் ஒரு மூலையில் நாலு பாத்தி அளவுக்கு நேர்த்தி செய்யாத விதையைப் போட்டு வையுங்கள். முளைக்குச்சி நட்டு அடையாளம் வைத்தால்தான் தெரியும். இல்லையென்றால் களையெடுக்கும்போது மறந்துபோகும். அந்தப் பாத்திக்கும் மற்றதற்கும் வேரில் என்ன வித்தியாசம், மழை எத்தனை நாள் தள்ளிப்போனது, பொட்டலம் எங்கே வாங்கியது என்று உரக்கணக்கு எழுதும் நோட்டிலேயே இரண்டு வரி எழுதுங்கள். என் நோட்டில் ஆறு வருடத்துக்கு இருக்கிறது. அதில் இரண்டு வருடம் வித்தியாசமே இல்லை, மூன்று வருடம் நன்றாகத் தெரிந்தது, ஒரு வருடம் நேர்த்தி செய்யாத பாத்தியை ஆடு மேய்ந்துவிட்டது.